புயல் அப்பிரதட்சிணமாகத்தான் சுற்றும்

(பருவமழை முன்னேற்பாட்டுக்காக நம் சங்கம் நடத்திய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சங்க நிர்வாகிகளுக்கும், மாடி ஏறி வந்திருக்கும் பெரியவர்களுக்கும், பேச்சு முடிந்தால் சமோசா உண்டு என்று தெரிந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்கும் வணக்கம்.

"புயலைப் பற்றி இருபது நிமிஷம் பேசுங்கள், ஆனால் யாரையும் பயமுறுத்தாதீர்கள்" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். நான் பயமுறுத்தப் போவதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கல்லூரியில் இயற்பியல் நடத்திய ஒருவன் தன் வீட்டு பால்கனியில் நின்று செய்த தவறு ஒன்றைச் சொல்லப் போகிறேன். அந்தத் தவறை இனி நம் குடியிருப்பில் யாரும் செய்யக் கூடாது என்பதுதான் இன்று நான் பேச ஒப்புக்கொண்டதற்குக் காரணம்.

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. வர்தா புயல். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேருக்கு மேல் அன்று இதே வளாகத்தில்தான் இருந்தீர்கள். காலையிலிருந்து காற்று வடக்கிலிருந்து அடித்தது. மதியத்துக்கு மேல் அது மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டியது. வடக்குப் பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் நடுங்கின. பின்பக்கம் வண்டி நிறுத்தும் இடத்தில் இருந்த பெரிய தூங்குமூஞ்சி மரம், காற்று தள்ளித் தள்ளித் தெற்குப் பக்கமாகச் சாய்ந்து நின்றது.

மாலை நான்கு மணிக்கு முன்பின் இருக்கும். யாரோ சுவிட்சை அணைத்தது போலக் காற்று நின்றது. மழையும் குறைந்தது. வானம்கூடக் கொஞ்சம் வெளுத்தது. எல்லோரும் பால்கனிக்கு வந்தோம். ஒருவருக்கொருவர் "அப்பாடா" என்று சொல்லிக்கொண்டோம். நான் கீழே பார்த்து வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். "புயல் போயிடுச்சு. அந்த மரத்துக்கு வடக்கால என் ஸ்கூட்டர் நிக்குது, அடிபட்டிருக்கானு கொஞ்சம் பாருங்களேன்" என்றேன். அவரும் போனார். மரம் தெற்கே சாய்ந்திருக்கிறது, வடக்குப் பக்கம் பத்திரம் என்று நான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

கொஞ்ச நேரத்தில் காற்று திரும்ப வந்தது. இந்தத் தடவை தெற்கிலிருந்து. வேர் இளகி நின்ற மரம் அந்தக் காற்றுக்கு வடக்குப் பக்கமாக விழுந்தது. ஒரு கிளை அவர் தோளில் பட்டு எலும்பு முறிந்தது. மூன்றடி தள்ளி நின்றிருந்தால் உயிர் போயிருக்கும். தெருவெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இரண்டு மணி நேரம் ஆனது. பிறகு குணமாகி, இன்னும் சில வருஷம் நம்மிடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குப் போனார். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

ஆனால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நின்ற காற்று எதிர்த் திசையிலிருந்து திரும்ப வரும் என்பது ஜோசியம் இல்லை. புயல் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று தெரிந்தால் போதும், அதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். வகுப்பில் எத்தனையோ தடவை பலகையில் வரைந்து காட்டியதை, வேண்டிய அன்று என் வீட்டு பால்கனியில் நான் நினைத்துப் பார்க்கவில்லை. அதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

எளிமையான இடத்தில் தொடங்குவோம். கபாலி கோயிலில் பிரகாரம் சுற்றுகிறோம். எப்படிச் சுற்றுகிறோம்? சுவாமி நம் வலக்கைப் பக்கம் இருக்கும்படி. அதனால்தான் அதற்கு வலம் வருவது என்று பெயர். நம் ஊர்ப் புயல் இதற்கு நேர்மாறு. காற்று, புயலின் மையத்தைத் தன் இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு சுற்றும். அப்பிரதட்சிணம். வங்காள விரிகுடாவில் உருவாகும் ஒவ்வொரு புயலும் இப்படித்தான். 1994 அக்டோபர் 31 அன்று சென்னையைத் தாக்கிய புயலும் இப்படித்தான் சுற்றியது. 2016 வர்தாவும், 2023 மிக்ஜாமும் இப்படித்தான். ஒன்றுகூட மாறிச் சுற்றியது கிடையாது.

கடிகாரச் சுற்று, எதிர்க்கடிகாரச் சுற்று என்று நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். அதில் ஒரு குழப்பம் உண்டு. வீட்டுக்குப் போய் சீலிங் ஃபேன் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கீழிருந்து பாருங்கள். அதையே மேல் மாடிக்காரர் தரையில் ஓட்டை போட்டு மேலிருந்து பார்த்தால், நேர் எதிராகச் சொல்வார். இருவர் சொல்வதும் சரி. டிவியில் காட்டும் செயற்கைக்கோள் படம் மேலிருந்து எடுத்தது. அதில் புயல் எதிர்க்கடிகாரமாகச் சுற்றும். நாமோ கீழே இருக்கிறோம். சங்கு விஷயத்திலும் இதே கதைதான். நாம் அபூர்வமாகக் கிடைக்கிறது என்று வலம்புரி என்று போற்றும் சங்கை, உயிரியல்காரர்கள் இடப்பக்கம் திரும்பிய சங்கு என்று வகைப்படுத்துகிறார்கள். அவர்கள் சங்கைப் பிடித்துப் பார்க்கும் விதம் வேறு. ஆனால் "மையம் என் இடக்கைப் பக்கம்" என்பதில் மேலே, கீழே என்ற பிரச்சினையே இல்லை. அதனால் இதையே வைத்துக்கொள்வோம்.

சரி, ஏன் இடக்கை? வலக்கையாக இருந்தால் என்ன?

இதற்குப் பதில் நம் காலுக்குக் கீழே இருக்கிறது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. அதனால்தான் மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்க்கிறோம். பூமி ஒரு நாளில் ஒரு சுற்று முடிக்கிறது. ஆனால் எல்லா ஊரும் ஒரே வேகத்தில் போவதில்லை. நிலநடுக்கோட்டில் இருப்பவர் மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போகிறார். கன்னியாகுமரி சுமார் 1,655. சென்னை சுமார் 1,630. விசாகப்பட்டினம் சுமார் 1,595. வடக்கே போகப் போக, சுற்ற வேண்டிய வட்டம் சின்னதாகிறது, வேகமும் குறைகிறது. துருவத்தில் வேகம் பூஜ்யம். காற்றும் நம்மோடு சேர்ந்தே சுற்றுவதால் இந்த வேகம் நமக்குத் தெரிவதில்லை.

இப்போது சென்னைக்கு எதிரே நடுக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாபுறமிருந்தும் காற்று அதை நோக்கி ஓடி வருகிறது. கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வடக்கு நோக்கி வரும் காற்றைப் பாருங்கள். அது தன் ஊர் வேகத்தையும் கொண்டுவருகிறது. ஓடும் பஸ்ஸிலிருந்து குதிக்கிறவர் தரையில் கால் வைத்ததும் பஸ் போன திசையிலேயே நாலடி ஓடுவார் இல்லையா, அது போல. இந்தக் காற்றுக்குச் சென்னைக்கு நேரே வரும்போது கிழக்கு வேகம் தேவைக்கு மேல் இருக்கிறது. அதனால் அது கிழக்கே விலகிப் போகிறது. வடக்கே போகிறவருக்குக் கிழக்கு எந்தக் கை? வலக்கை.

விசாகப்பட்டினப் பக்கத்திலிருந்து தெற்கு நோக்கி வரும் காற்றுக்குக் கிழக்கு வேகம் குறைவு. அது பின்தங்கி மேற்கே விலகுகிறது. தெற்கே போகிறவருக்கு மேற்கு எந்தக் கை? அதுவும் வலக்கைதான். கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும் காற்றுக்கும் கணக்குப் போட்டால் விடை அதேதான். பூமியின் வடபாதியில் நெடுந்தூரம் போகும் எதுவும் தன் வலப்பக்கமாக விலகும்.

மையத்தைக் குறிவைத்து ஓடி வருகிற எல்லோரும் வலப்பக்கம் விலகினால், மையம் எல்லோருக்கும் இடப்பக்கம் போய்விடும். தாழ்வழுத்தம் அவர்களை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. அவர்கள் வலப்பக்கம் விலகிக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் அப்பிரதட்சிணம்தான். உள்ளே நெருங்க நெருங்கச் சுற்றும் வேகமும் கூடும். ஆபீஸ் சுழல் நாற்காலியில் கையை நீட்டிக்கொண்டு சுற்றி, பிறகு கையை மடக்கிப் பாருங்கள்; வேகம் கூடுவது தெரியும். குழந்தைகள் செய்து பார்க்கலாம். பெரியவர்கள் வேண்டாம்.

இதைக் கேட்டதும் ஒரு கேள்வி வரும். ஏ பிளாக் குழந்தை ஒன்று என்னிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டது: "தாத்தா, வாஷ்பேசின்ல தண்ணி சுத்திக்கிட்டுப் போறதும் இதனாலயா?" இல்லை. பூமி ஒரு சுற்றுச் சுற்ற ஒரு நாள் ஆகிறது. பேசின் தண்ணீர் அரை நிமிஷத்தில் போய்விடுகிறது. அந்த அரை நிமிஷத்தில் பூமியின் சுழற்சிக்கு வேலையே இல்லை. குழாயை எந்தப் பக்கம் திறந்தோம், பேசின் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதுதான் அங்கே தீர்மானிக்கும். 1962இல் அமெரிக்காவில் ஆஷர் ஷப்பீரோ என்ற பேராசிரியர் ஆறடி அகலத் தொட்டி ஒன்றில் தண்ணீரை ஊற்றி, ஒரு நாள் முழுக்க அசையாமல் விட்டு, பிறகு அடியில் இருந்த சின்னத் துவாரத்தைத் திறந்தார். அவ்வளவு பொறுமையாகச் செய்த பிறகுதான் தண்ணீர் மெதுவாக எதிர்க்கடிகாரமாகச் சுற்றியது. 1965இல் ஆஸ்திரேலியாவில் சிட்னியில் அதையே செய்தபோது எதிர்ப்பக்கம் சுற்றியது. அதுபோலத் தெருமுனையில் காய்ந்த இலையையும் குப்பையையும் தூக்கிச் சுற்றுகிற சின்னச் சுழல்காற்றும் எந்தப் பக்கமும் சுற்றும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், பல நாள் ஆயுள் இருந்தால்தான் பூமியின் சுழற்சி அதன் மேல் கை வைக்க முடியும். புயலுக்கு இரண்டும் இருக்கிறது.

இந்தச் சுழற்சி நம் ஊரில் எவ்வளவு என்று பார்க்க ஒரு வழி உண்டு. நீளமான கம்பியில் கனமான குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினால், அது ஆடும் திசை மெல்ல மெல்லத் திரும்பும். உண்மையில் திரும்புவது கீழே இருக்கும் தரை. 1851இல் பாரிஸில் ஃபூக்கோ என்பவர் இதைச் செய்து காட்டினார். டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் இப்படி ஓர் ஊசல் தொங்குகிறது. அது முழுச் சுற்றுத் திரும்பச் சுமார் 50 மணி நேரம் ஆகும். நம் லிஃப்ட் போகும் குழியில் ஒன்றைத் தொங்கவிட்டால் சுமார் 106 மணி நேரம் ஆகும். நாலரை நாளுக்குக் கொஞ்சம் குறைவு. (லிஃப்ட் பராமரிப்பு கமிட்டி கவலைப்பட வேண்டாம், கணக்குதான் சொல்கிறேன்.) நிலநடுக்கோட்டில் அது திரும்பவே திரும்பாது. அதனால்தான் நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் ஐந்து டிகிரிக்குள் புயல் உருவாவது மிக அபூர்வம். 2001 டிசம்பரில் வாமெய் என்ற புயல் சிங்கப்பூருக்கு அருகே, வெறும் ஒன்றரை டிகிரியில் உருவானது. வானிலைக்காரர்கள் இன்றைக்கும் அதை ஆச்சரியமாகப் பேசுகிறார்கள்.

நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே எல்லாம் தலைகீழ். அங்கே காற்று இடப்பக்கம் விலகும். புயல் பிரதட்சிணமாகச் சுற்றும். மொரீஷியஸில் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள் இங்கே உண்டு. அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் ஊர்ப் புயல் கோயில் சுற்றுவது போலச் சுற்றும்.

அப்படியானால் பூமி ஏன் இந்தப் பக்கம் சுற்றுகிறது? சுமார் 460 கோடி வருஷத்துக்கு முன்னால் சூரியனும் கிரகங்களும் உருவான வாயு, தூசு மேகத்துக்கு ஒரு பக்கமாகக் கொஞ்சம் சுழற்சி இருந்தது. அது சுருங்கச் சுருங்க, சுழல் நாற்காலியில் கையை மடக்கியவர் போல வேகம் கூடியது. அந்தச் சுழற்சியின் மிச்சம்தான் இன்றைக்கும் ஓடுகிறது. கிரகங்கள் எல்லாமே சூரியனை ஒரே பக்கமாகச் சுற்றி வருகின்றன. பெரும்பாலானவை தன்னைத் தானே சுற்றுவதும் அதே பக்கம்தான். விலக்கு இரண்டு. வெள்ளி எதிர்ப்பக்கம், அதுவும் 243 நாளுக்கு ஒரு சுற்று என்று ஆமை வேகத்தில் சுற்றுகிறது. யுரேனஸ் கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டு சுற்றுகிறது. மற்றபடி அந்த ஆதி மேகம் எந்தப் பக்கம் சுற்றியதோ, அந்தக் கணக்கில்தான் இன்று மந்தைவெளியில் எந்த ஜன்னல் உடையும் என்பதும் அடங்கியிருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

புயலுக்கு 'சைக்ளோன்' என்று பெயர் வைத்தவர் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன். பாம்பு சுருண்டிருப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை உருவாக்கினார். 1848இல் மாலுமிகளுக்காக அவர் எழுதிய கையேட்டோடு, கடல் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கக் காற்றுச் சுற்றின் படம் வரைந்த கண்ணாடி போன்ற அட்டையும் கொடுத்தார். அந்த அறிவு வருவதற்கு நூறு வருஷம் முன்பு, 1746 அக்டோபரில், சென்னைக்கு எதிரே நங்கூரமிட்டிருந்த பிரெஞ்சுக் கப்பற்படையைப் புயல் சிதறடித்தது. எந்தப் பக்கம் ஓடினால் தப்பலாம் என்று சொல்ல அன்று விதி எதுவும் இல்லை.

1857இல் பைஸ் பாலட் என்ற டச்சு வானிலை அறிஞர் அந்த விதியைச் சுருக்கமாகச் சொன்னார். நம் பாஷையில் சொல்கிறேன். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். அதாவது காற்று போகிற பக்கம் பாருங்கள். இடக்கையை நீட்டுங்கள். புயலின் மையம் அந்தப் பக்கம், கொஞ்சம் முன்தள்ளி இருக்கிறது. அவ்வளவுதான். நெட் வேண்டாம், கரண்ட் வேண்டாம், ஜெனரேட்டர் டீசல் வேண்டாம். அடைத்த ஜன்னலுக்கு உள்ளே நின்றுகொண்டு, மரம் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்தாலே போதும்.

இதை மூன்று புயல்களுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது வர்தா. கிழக்கே கடலிலிருந்து நேராக நம்மை நோக்கி வந்தது. மையம் கிழக்கே இருக்கும்போது காற்று வடக்கிலிருந்து வரும். மையம் நம் தலைக்கு மேல் வந்ததும் அமைதி. அதுதான் புயலின் கண். மையம் மேற்கே போனதும், அதை இடக்கையில் வைத்துச் சுற்ற வேண்டுமானால் காற்று தெற்கிலிருந்துதான் வந்தாக வேண்டும். நான்கு மணிக்கு நாம் "அப்பாடா" என்றபோது புயலில் பாதி பாக்கி இருந்தது.

இரண்டாவது மாண்டஸ். 2022 டிசம்பர் 9 ராத்திரி மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அப்போது மையம் நமக்குத் தெற்கே. ஆகவே நமக்குக் காற்று கிழக்கிலிருந்து, கடலிலிருந்து ஊருக்குள். அது கடலையும் சேர்த்துத் தள்ளியது. மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காகப் போட்ட மரப்பாதை, திறந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், அலையில் சேதமடைந்ததை எல்லோரும் பார்த்தோம். கடல் மட்டம் இப்படி ஏறி நின்றால் அடையாறும் கூவமும் கடலில் விழத் திணறும். நம் தெருத் தண்ணீரும் வடிய நேரமாகும். ஆகவே "புயல் நமக்குத் தெற்கே கடக்கிறது, நமக்கில்லை" என்று நிம்மதி அடையாதீர்கள். கடற்கரைக்காரர்களுக்கு அதுதான் மோசமான பக்கம்.

மூன்றாவது மிக்ஜாம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் நமக்கு எதிரே கடலிலேயே இருந்துகொண்டு மெதுவாக வடக்கே நகர்ந்து, 5ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கடந்தது. மையம் நம் மேல் வரவில்லை. அதனால் நடுவில் அமைதியும் இல்லை, திடீர்த் திருப்பமும் இல்லை. காற்று வடக்கிலிருந்து மெல்ல மெல்ல மேற்குக்குத் திரும்பியது. ஆனால் மழை? அதை நான் சொல்ல வேண்டியதில்லை. காற்றின் திசை மையம் எங்கே என்று சொல்லும். மழை எவ்வளவு என்று சொல்லாது. புயல் பக்கத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைப் பொறுத்தது அது.

டிவியில் "துறைமுகத்தில் 9ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்று சொல்கிறார்களே, அதிலும் இந்த இடம் வலம் இருக்கிறது. எண் கூடினால் அபாயம் கூடும் என்று மட்டும்தான் நாம் நினைக்கிறோம். 5, 6, 7 ஒரு தொகுதி. 8, 9, 10 அதைவிடக் கடுமையான புயலுக்கான தொகுதி. 5, 8 என்றால் துறைமுகம் புயல் போகும் பாதைக்கு இடப்பக்கம். 6, 9 என்றால் வலப்பக்கம். 7, 10 என்றால் புயல் துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடக்கும். வங்கக்கடலிலிருந்து மேற்கே வரும் புயலுக்கு வலக்கை வடக்கு. ஆகவே சென்னையில் 6 அல்லது 9 ஏறினால், புயல் நமக்குத் தெற்கே கடக்கிறது, கடல் உள்ளே தள்ளப்படும் என்று அர்த்தம். 5 அல்லது 8 என்றால் வடக்கே கடக்கிறது. 7 அல்லது 10 என்றால் நடுவில் அந்த ஏமாற்று அமைதி வரலாம், வர்தாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

நிஜமாகவே புயல் முடிந்ததா, கண்தான் கடக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முடிகிற புயல் மணிக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். காற்றின் திசையும் படிப்படியாகத் திரும்பியிருக்கும். கண் கடக்கும்போது முழு வேகத்தில் அடித்த காற்று சில நிமிஷங்களிலேயே நின்றுவிடும். திடீரென்று நின்றால் நம்பாதீர்கள். நுங்கம்பாக்கம் வானிலை மையம், புயல் முழுவதும் கரையைக் கடந்து வலுவிழந்தது என்று அறிவிக்கும்வரை புயல் நடந்துகொண்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதை வைத்து நம் வளாகத்தில் என்ன செய்யலாம்? வடக்குப் பக்க பால்கனிப் பூந்தொட்டிகளை மட்டும் உள்ளே எடுத்தால் போதாது. இரண்டாம் பாதிக் காற்று தெற்கிலிருந்து வரும்; தெற்குப் பக்க பிளாட்காரர்களும் முதலிலேயே எடுத்துவிட வேண்டும். மொட்டை மாடியில் டேங்க் மூடிகளையும் சோலார் தகடுகளையும் ஒரே பக்கம் கட்டாமல் இரண்டு பக்கமும் கட்டச் சொல்ல வேண்டும். கனத்த கிளைகளைக் கழிக்க மாநகராட்சியிடம் இப்போதே விண்ணப்பிக்க வேண்டும். பாதி சாய்ந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும், அதன் எல்லாப் பக்கமும் அபாயம்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இதைத் தீர்மானமாகவே எழுதிக்கொள்ளும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் செக்யூரிட்டி ஆட்களும் வீட்டு வேலை, துப்புரவு வேலை செய்பவர்களும் கேட் அறையில் இருக்கக் கூடாது; முதல் மாடி ஹாலில் நம்மோடு இருக்க வேண்டும். புயல் முடிந்தது என்று அறிவிப்பு வரும்வரை, வண்டியைப் பார், மோட்டாரைப் போடு, கேட்டைச் சாத்து என்று யாரும் அவர்களைக் கீழே அனுப்பக் கூடாது. காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. என் ஸ்கூட்டருக்கும் அன்று இருந்தது.

போன தீபாவளிக்கு நம் பழைய வாட்ச்மேன் ஊரிலிருந்து போன் செய்தார். தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "மழைக்காலத்துல மட்டும் கொஞ்சம் வலிக்கும் சார்" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சமோசா ஆறுவதற்குள் முடித்துக்கொள்கிறேன். போகும்போது குழந்தைகள் எல்லோரும் மொட்டை மாடிக்குப் போய், இப்போது அடிக்கிற காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, இடக்கையை நீட்டிப் பழகிக்கொள்ளுங்கள். இன்று அங்கே புயல் எதுவும் இருக்காது. வருகிற அன்று கை தானாக நீள வேண்டும், அதற்காகத்தான். வணக்கம்.